ஐந்து டிகிரி

கோயம்புத்தூர்
14.10.2024

திரு. வீரணன் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல என் மகள் ஜெனி எழுதுகிறாள். என் விரல்களுக்குப் பேனா அடங்குவதில்லை. பக்கத்தில் என் வீட்டுக்காரி பாக்கியமேரி உட்கார்ந்திருக்கிறாள். "நீங்கள்" என்று மரியாதையாக எழுதச் சொன்னதும் நான்தான். பதினாறு வருஷம் "வாடா வீரா" என்று கூப்பிட்ட வாய்க்கு இது கஷ்டமாகத்தான் இருக்கிறது. பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆகஸ்ட் மாதம் நான் பசுமலை வீட்டுக் குளியலறையில் விழுந்ததும், இங்கே கொண்டுவந்து கழுத்தில் ஆபரேஷன் செய்ததும் உங்களுக்குத் தெரியும். கழுத்தெலும்பு உள்ளே தண்டுவடத்தை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. நடை ஓரளவு திரும்பிவிட்டது. கை திரும்பவில்லை. பிசியோதெரபிஸ்ட் ராம்கி, "சார், ரொம்ப நாள் பழகின சாமான் எதையாவது பிடிச்சுப் பாருங்க" என்றார். மாப்பிள்ளை மதுரைக்குப் போனபோது உங்கள் பட்டறையிலிருந்து என் கோல்ஃப் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கைக்கு வாகாகப் பிடியைத் தடிமனாக்கலாம் என்று ஜெனி அவற்றை இங்கே ஒரு கடைக்கு எடுத்துப் போனாள்.

கடைக்காரர் ஏழாம் நம்பர் மட்டையைக் கருவியில் மாட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "மேடம், இதுல ஏழுன்னு போட்டிருக்கு. ஆனா இது ஏழு இல்லையே. முப்பத்தஞ்சு டிகிரி இருக்கணும், முப்பதுதான் இருக்கு. யாரோ வேணும்னே வளைச்சிருக்காங்க."

எழுதிக்கொண்டிருக்கும் ஜெனி "அதனால என்னப்பா?" என்று கேட்கிறாள். அவளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். மட்டை முகத்தின் சாய்வு குறைந்தால் பந்து தாழப் பறந்து தூரமாய்ப் போகும். ஏழாம் நம்பர் என்று எழுதியிருக்கும், ஆறாம் நம்பரின் வேலையைச் செய்யும். அடிக்கிறவன் தன் பலம் அப்படியே இருக்கிறது என்று நினைத்துக்கொள்வான்.

நான் அப்படித்தான் நினைத்தேன். டிசம்பரிலிருந்தே கையிலிருந்து காப்பி டம்ளர் நழுவியது. சட்டைப் பொத்தான் போட வரவில்லை. பாக்கியம் "டாக்டரைப் பாருங்க, டாக்டரைப் பாருங்க" என்று கரடியாய்க் கத்தினாள். நான் சொன்ன பதில் உங்களுக்கே மனப்பாடம். "மூணாம் குழியில ஏழாம் நம்பரை வச்சு ஓடையைத் தாண்டுறேன். எனக்கு என்ன கேடு?" என் உடம்புக்கு நான் வைத்திருந்த ஒரே பரீட்சை அதுதான். அந்தப் பரீட்சையின் வினாத்தாளையே மாற்றிவிட்டீர்கள்.

ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னது இது: "ஏப்ரல்ல வந்திருந்தாக்கூட கையைக் காப்பாத்தியிருக்கலாம்."

என் மட்டைகள் உங்கள் பட்டறையில்தான் கிடந்தன. வேறு எவனும் அவற்றைத் தொட்டதில்லை. உண்டா, இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள். போன் செய்ய வேண்டாம். உங்கள் நம்பரைப் பாக்கியம் என் போனிலிருந்து எடுத்துவிட்டாள்.

இப்படிக்கு,
கிளமெண்ட்


திருப்பரங்குன்றம்
20.10.2024

மதிப்பிற்குரிய சாருக்கு வீரணன் எழுதிக்கொள்வது.

உண்டு சார். நான்தான் செய்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. கொட்டேஷன் எழுதித்தான் பழக்கம். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் நவம்பரில் ஒரு சனிக்கிழமை. மூணாம் குழியில் நீங்கள் அடித்த பந்து ஓடைக்குள் விழுந்தது. இன்னொன்று அடித்தீர்கள், அதுவும் விழுந்தது. மூன்றாவதும். அசோக்குமார் டாக்டர் சிரித்துக்கொண்டே, "வாத்தியாரே, வயசாச்சுல்ல, ஆறாம் நம்பரை எடுக்க வேண்டியதுதானே" என்றார். பல் டாக்டர், அவருக்குச் சிரிக்கத்தான் தெரியும். நீங்கள் அந்தச் செம்மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். எல்லோரும் முன்னால் போன பிறகு என்னிடம், "வீரா, நாளையிலருந்து நான் வரலடா. நீ வேற ஆளைப் பாத்துக்க" என்றீர்கள்.

பேரையூரிலிருந்து வந்து லேத்தைத் தவிர ஒன்றும் தெரியாமல் கிடந்தவன் நான் சார். வளைந்த மட்டை ஒன்றைச் சரிபண்ண வந்தீர்கள். "நீயும் வாடா, அடிச்சுப் பாரு" என்று கூட்டிப் போனீர்கள். மில்காரர்களும் ஆபீசர்களும் ஆடுகிற இடத்தில் கிரீஸ் சட்டையோடு என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டீர்கள். அந்தக் காலை நேரம் இல்லாமல் போனால் நான் என்ன செய்வேன் என்றுதான் யோசித்தேன். உங்களுக்காகச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். பாதி எனக்காகவும்தான்.

மற்றவர்கள் வைத்திருப்பதெல்லாம் வார்ப்பு மட்டை. வளைத்தால் கழுத்தில் முறிந்துவிடும். உங்களுடையது அடித்துச் செய்த இரும்பு, மெல்லிசான பிளேடு மட்டை. நெருப்புகூட வேண்டாம், வைஸ் இடுக்கியில் கடித்துவைத்து நீளக் கம்பியால் நெம்பினால் சொன்னபடி கேட்கும். முதலில் இரண்டு டிகிரி. ஏழாம் நம்பரை மட்டும் வளைத்தால் எட்டுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் தெரிந்துவிடுமென்று எல்லாவற்றையும் வளைத்தேன். மறுநாள் காலை உங்கள் வீட்டுக்கு வந்து "கடைசியா ஒரே ஒரு தடவை வாங்க சார்" என்று கெஞ்சிக் கூட்டிப்போனேன். ஓடையைத் தாண்டியது. நீங்கள் என் முதுகில் ஒரு அறை அறைந்தீர்கள். அம்புட்டு சந்தோஷம் உங்களுக்கு.

பொங்கல் கழித்து மறுபடி ஓடையில் விழுந்தது. இன்னொரு இரண்டு டிகிரி. ஏப்ரலில் ஒன்று. அதற்கு மேல் வளைத்தால் இரும்பு தாங்காது என்று நிறுத்திக்கொண்டேன்.

வயசு என்றுதான் சார் நினைத்தேன். எங்கள் அய்யாவுக்கும் அறுபதுக்கு மேல் கை நடுங்கியது. நோய் என்று நினைக்கவே இல்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, நான் பிடித்தது குரங்குகூட இல்லை.

எல்லோரும் புது மட்டைக்கு மாறியபோது நீங்கள் மாறவில்லை. "தப்பா அடிச்சா கை வலிக்கணும்டா. பிளேடு பொய் சொல்லாது" என்பீர்கள். அதையே பொய் சொல்ல வைத்துவிட்டேன்.

தீபாவளி கழித்து அங்கே வாரேன். பாக்கியம் அக்கா காலிலும் உங்கள் காலிலும் விழவேண்டும்.

வீரணன்


கோயம்புத்தூர்
29.10.2024

திரு. வீரணன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இந்த வீட்டில் தபாலை எடுப்பதும் உறையைப் பிரிப்பதும் எனக்கு வாசித்துக் காட்டுவதும் பாக்கியம்தான். என்னால் உறையைக் கிழிக்க முடியாது. ஆகையால் எனக்கு எழுதுவது எதுவானாலும் அவள் காதுக்கும் சேர்த்துத்தான்.

அவள் சொல்வதை அப்படியே எழுதச் சொல்கிறாள்: "வயசுன்னு நினைச்சேன்னு எழுதியிருக்காரே, இவரு என்ன டாக்டரா? நான் ஒம்பது மாசமா மெழுகுவத்தி ஏத்தி ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன். 'வீரணன் தம்பி, சாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, நீங்க சொன்னாக் கேப்பாரு'ன்னு இவருகிட்டயே சொன்னேன். சிரிச்சுக்கிட்டே தலையாட்டுனாரு. இப்ப என் வீட்டுக்காரருக்குச் சோறு நான் ஊட்டுறேன். அந்த ஆளு என் வாசப்படி மிதிக்கக் கூடாது."

நானும் அதையே சொல்கிறேன். வர வேண்டாம்.

வேறு ஏதோ சொல்ல வந்தேன். ஜெனி பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரமாகக் காத்திருக்கிறாள். ஒன்றுமில்லை, போதும்.

கிளமெண்ட்


திருப்பரங்குன்றம்
5.11.2024

சாருக்கு,

வர வேண்டாம் என்று எழுதியும் வந்துவிட்டேன். என் வீட்டுக்காரி தங்கப்பொண்ணு, "கதவைச் சாத்துனா சாத்தட்டும், நீங்க போகாம இருந்தா நாளைக்கு அது நெஞ்சுல நிக்கும்" என்று பஸ் ஏற்றிவிட்டாள்.

அக்கா கீழே கேட்டுக்கு வந்து பேசியது உங்களுக்கு மாடியில் கேட்டிருக்கும். தெருவே கேட்டதே. செக்யூரிட்டிக்காரர் எனக்காகப் பரிதாபப்பட்டு நாற்காலி போட்டார், அம்புட்டு நேரம் திட்டினார்கள். ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை சார். அவர்கள் "தம்பி" என்று என்னைக் கூப்பிட்டதுதான் என்னவோ செய்தது. திட்டும்போதும் "தம்பி, தம்பி" என்றே திட்டினார்கள்.

பால்கனியில் நீங்கள் இருந்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

வழியில் திண்டுக்கல் வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு பஸ்ஸில் எல்லோரும் பார்க்க அழுதேன். அக்கா திட்டியதற்கு இல்லை, நீங்கள் திரும்பிக்கொண்டதற்கு. நான் செய்ததற்கு அது கம்மிதான். ஆனாலும் தாங்க முடியவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இனி ஜென்மத்துக்கும் என்னோடு பேச மாட்டீர்களா? ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுதிவிடுங்கள். சும்மா இருந்தால் தினமும் தபால்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வீரணன்


கோயம்புத்தூர்
17.11.2024 முதல்

வீரா,

இது என் கை. கோணலாக இருக்கும். பொறுமையாக வாசி. ராம்கி தினமும் ஐந்து வரி எழுதச் சொல்கிறார். விரலுக்குப் பயிற்சி. என்ன எழுதுகிறேன் என்று பார்ப்பதில்லை. முடிந்ததும் அவரையே தபாலில் போடச் சொல்வேன். வீட்டில் தெரியாது.

18
பேனா மூன்று தடவை விழுந்தது. நேற்று எழுதியதை இன்று வாசித்தேன். கோழி கிளறியதுபோல் இருக்கிறது. முப்பத்து மூன்று வருஷம் கரும்பலகையில் எழுதின கை.

20
நேற்று முடியவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரியும் வீரா. நீ வளைத்தது எனக்குத் தெரியும்.

21
முதல் இரண்டு தடவை தெரியாது. ஏப்ரலில் தெரிந்தது. பந்து தாழப் போனது. மட்டையின் அடி விளிம்பு மண்ணைக் குத்தியது. நான் பிசிக்ஸ் வாத்தியார்டா. சாய்வு குறைந்தால் விளிம்பு குத்தும். இதைக்கூடவா கண்டுபிடிக்க மாட்டேன்?

23
ஒருநாள் நீ டீ வாங்கப் போனாய். உன் பட்டறை மேஜையில் ஏழாம் நம்பரைச் சாய்த்துவைத்துக் கோணமானியால் அளந்தேன். முப்பது. மறுபடி அளந்தேன். முப்பதுதான். நீ டீயோடு வந்தாய். "சர்க்கரை கம்மியாப் போடச் சொன்னேன் சார்" என்றாய். நான் வாங்கிக் குடித்தேன்.

24
ஏன் கேட்கவில்லை என்றால், பயம். வேறொன்றுமில்லை. கேட்டால் நீ ஒத்துக்கொள்வாய். ஒத்துக்கொண்டால் என் கை போய்க்கொண்டிருக்கிறது என்பது நிஜமாகிவிடும். பிறகு டாக்டர், ஸ்கேன். எங்கப்பா ஒன்பது வருஷம் படுக்கையில் கிடந்ததைப் பார்த்தவன் நான். ஆகவே மறுநாளும் வந்தேன். ஓடையைத் தாண்டினேன். வீட்டுக்குப் போய்ப் பாக்கியத்திடம் ஓடையைத் தாண்டிவிட்டேன் என்றேன். தெரிந்தே சொன்னேன்.

25
டாக்டர் ஏப்ரல் என்று சொன்னபோது என் தலையில் இடி விழுந்தது. அந்த ஏப்ரல் உன்னுடையது இல்லை. என்னுடையது.

26
ஜெனி கடையிலிருந்து வந்து சொன்னாள். பாக்கியம் என் முகத்தைப் பார்த்தாள். அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். "அந்தப் பாவியா இப்படிப் பண்ணிட்டான்?" என்றாள். நான் ஆமாம் என்பதுபோல் கண்ணை மூடினேன். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? அவள் எனக்குச் சோறு ஊட்டுகிறாள் வீரா. வாயைத் துடைத்துவிடுகிறாள். ஏப்ரலிலிருந்து அவளை ஏமாற்றியது நீ இல்லை, நான் என்று தெரிந்தால் அந்தக் கை எப்படி என் வாய்க்கு வரும்?

27
பால்கனியில் முகத்தைத் திருப்பியது கோபத்தால் அல்ல. என்னால் உன்னைப் பார்க்க முடியவில்லை. நீ கும்பிட்டாய். என்னைப் போய்க் கும்பிட்டாயே.

28
ராம்கி நாளை வருவார். இதோடு முடிக்கிறேன். நான் கோழை. நானாகச் சொல்ல மாட்டேன் என்று எனக்கே தெரிகிறது. நீ பதில் எழுது. பாக்கியம்தான் பிரித்து வாசிப்பாள். அதில் "சார், நீங்க சொல்லிருங்க" என்று ஒரு வரி எழுதிவிடு. அவள் வாசித்து நிமிரும்போது எனக்கு வேறு வழி இருக்காது. சொல்லிவிடுவேன். சொன்னால் அவளே உன்னைக் கூப்பிடுவாள். அவளை எனக்குத் தெரியும். நீ வரலாம். வந்து பக்கத்தில் உட்காரலாம்.

எழுதுவாய் அல்லவா?

கிளமெண்ட்


திருப்பரங்குன்றம்
6.12.2024

சாருக்கும் அக்காவுக்கும்,

அக்கா, இதை வாசித்துக்காட்டுவது நீங்கள் என்று தெரியும். அதனால் உங்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கோபத்தில் பாதியில் நிறுத்திவிடாமல் கடைசிவரை வாசியுங்கள்.

அன்றைக்குக் கேட்டில் நீங்கள் கேட்டீர்கள், "இம்புட்டு நாளு அவருக்குச் சந்தேகமே வரலையா தம்பி?" என்று. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அதற்குப் பதில் சொல்லாமல் வந்தது தப்பு. இப்போது சொல்கிறேன்.

வரவில்லை அக்கா. வரவிடாமல் நான் பார்த்துக்கொண்டேன். ஏப்ரலில் ஒருநாள் சார், "என்னடா, பந்து தாழப் போகுது" என்று கேட்டார். "காத்து அடிக்குது சார்" என்று சொன்னேன். "மட்டை மண்ணைக் குத்துதே" என்றார். "மழை இல்லை, தரை காஞ்சு கிடக்கு சார், அதான்" என்றேன். நான் சொன்னால் சார் நம்புவார். பதினாறு வருஷமாக நான் சொன்னதை அவர் ஒருதடவைகூடச் சந்தேகப்பட்டதில்லை. அந்த நம்பிக்கையை வைத்துத்தான் அவரை ஏமாற்றினேன். உங்களிடம் வந்து ஓடையைத் தாண்டினேன் என்று சொன்னாரே, அதை நிஜம் என்று நம்பித்தான் சொன்னார். அவர் உங்களிடம் பொய் சொல்லவில்லை. நான்தான் அவர் வாயால் பொய் சொல்ல வைத்தேன்.

ஆகவே அந்த ஏப்ரலும் என்னுடையதுதான். முழுசாக என்னுடையது. ராத்திரி படுக்கையில் உங்களுக்கு அவர்மேல் ஏதாவது மனத்தாங்கல் வந்தால், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று தோன்றினால், என்னை நினைத்துத் திட்டிக்கொள்ளுங்கள். அவரை ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். சோறு ஊட்டும்போது முகம் சுளிக்காதீர்கள். அவருக்கு இனி உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

சார், உங்கள் மட்டைகளை நிமிர்த்தித் தரவா என்று கேட்க நினைத்தேன். வேண்டாம். மூன்று தடவை நெம்பியதை மறுபடி நெம்பினால் அந்த இரும்பு தாங்காது. அப்படியே இருக்கட்டும்.

பிசியோதெரபி நடக்கிறது என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். கையை ரொம்ப வருத்திக்கொள்ள வேண்டாம். எனக்கு எதுவும் எழுத வேண்டியதில்லை. நானும் இனி எழுதப் போவதில்லை, அங்கே வரவும் மாட்டேன். அக்கா போட்ட உத்தரவு நியாயமானது. தபால்காரரை நான் எதிர்பார்க்கவில்லை.

நான் நன்றாக இருக்கிறேன். காலையில் ஆடப் போவதில்லை, பட்டறையைச் சீக்கிரம் திறந்துவிடுகிறேன். தங்கப்பொண்ணு சந்தோஷமாக இருக்கிறாள்.

அக்கா, ஒன்றே ஒன்று. இதைக் கேட்டு முடித்ததும் சாருக்குக் கண்ணில் தண்ணீர் வரும். பயந்துவிடாதீர்கள், ஏனென்று கேட்கவும் கேட்காதீர்கள். என்மேல் கோபம் வந்தால் அவருக்கு அப்படித்தான் வரும், எனக்குத் தெரியும். கொஞ்சம் வெந்நீர் கொடுங்கள், சரியாகிவிடும்.

வீரணன்